தெரியாது என்று சொல்லிக் கொடுத்தேன்

“உன் பேர் என்ன கண்ணு?”

டாக்டரம்மா கேட்டது அவ்வளவுதான்.

உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை அது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். கரும்பலகையில் முதல் நாள் நடத்திய பாடம் அழிக்காமல் கிடந்தது. வெளியே வராந்தாவில் எங்களைப் போல நிறைய குடும்பங்கள். இடுப்பில் பிள்ளை, கையில் ஜெராக்ஸ் வைத்த பிளாஸ்டிக் கவர், காலையில் கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொட்டலம். வாசலில் ‘மருத்துவ மதிப்பீட்டு முகாம்’ என்று பேனர். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குறைபாடு என்று இங்கேதான் பார்த்து எழுதுவார்கள். ஒரு அளவுக்கு மேல் எழுதினால் அடையாள அட்டை உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. நீலப் பாவாடை, இரட்டைச் சடை. வலது கன்னம் உப்பியிருந்தது. உள்ளே கமர்கட்டு.

கேள்வி கேட்ட டாக்டரம்மாவை அவள் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பேரை அவள் வாயில் வரவழைக்க நான் மூன்று வாரம் உயிரை விட்டிருக்கிறேன். இன்றைக்கு அவள் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று ஊரில் இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் டியூஷன் ஆரம்பித்த கதையைப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று சிலர் சொன்னார்கள். சந்தோஷம். இந்த வாரம் அதற்கு வழியில்லை. இது அந்த டியூஷன் புத்தி என் பிள்ளையை என்ன செய்தது என்ற கதை.

கமர்கட்டு பாட்டில்

புதிதாகப் படிப்பவர்களுக்கு: உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். வீட்டின் முன்னால் தகரக் கொட்டகை போட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். மஞ்சுளா என்ற என் பேரை ஊரில் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் நான் டியூஷன் அக்கா.

அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். மேஜையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். சரியான பதில் சொன்னால் ஒரு கமர்கட்டு. தப்பாகச் சொன்னால் கிடையாது, அடுத்த ஆளுக்குப் போய்விடும். என்னிடம் வந்த பிள்ளை எதுவும் பரீட்சையில் தோற்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. எந்தப் பரீட்சையாக இருந்தாலும் என்ன கேள்வி வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் போதும், எப்பேர்ப்பட்ட பிள்ளையையும் தேற்றிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிவேன்.

சமூக அறிவியலில் உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பாடம் வரும். குடவோலை முறையில் யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது என்று கோயில் சுவர் முழுக்க வெட்டி வைத்திருப்பதைப் பற்றி. நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது இதற்குள் இருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும். அந்தப் பத்தியைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும். தகுதி என்ற வார்த்தையைக் கல்லில் ஏற்றிய மண் எங்கள் மண் என்று பெருமையாகச் சொல்வேன். அதில் தேறாதவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

யாழினி பிறந்து அழவே நேரம் பிடித்தது. மூன்று வயதில் நடந்தாள். நாலு வயதில் ‘ம்மா’ என்றாள். “மூளை வளர்ச்சி கொஞ்சம் மெதுவா இருக்கும்” என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் அந்த ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சேகர் சொன்ன பையன்

ஐந்து வயது முடிந்ததும் வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

என் கணவர் சேகர் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். அறுப்புக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போனால் திரும்ப மாதக்கணக்கு ஆகும். அதிகம் பேச மாட்டார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். காஞ்சிபுரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேன் வருகிறது, அங்கே சேர்த்துவிடலாம் என்றார்.

“ஏங்க, ஊர்ல எல்லாப் புள்ளிங்களும் நம்மூரு இஸ்கூலுக்குப் போவும்போது இவ மட்டும் ஏன் வேன்ல ஏறிக்கினு எங்கியோ போவணும்?” என்றேன்.

“நான் படிக்கச்சொல்ல எங்க கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான் மஞ்சு. நம்ம பாப்பா மாதிரிதான். கடைசி பெஞ்சுல குந்திக்கினு சிரிச்சிக்கினே இருப்பான். போறவன் வர்றவன்லாம் அவன் மண்டையில தட்டுவானுங்கோ.”

“அதுக்கு?”

“நானும் தட்டிக்கீறேன். தெனமும். அதனாலதான் சொல்றேன்.”

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். உயர்த்தினேன்.

“நாளைக்கு நாம ரெண்டு பேரும் செத்துப்புட்டா இந்த ஊருதானே அவளப் பாத்துக்கணும்? கூடப் படிச்ச நாலு பேராச்சும் பேரு சொல்லிக் கூப்புட வேணாமா? காஞ்சிபுரத்துல படிச்சா இங்க யாருக்கு அவளத் தெரியும்?”

இதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் இது தப்பான பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கொடுமை.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். “முகாம் வருதாமே. டாக்டரு பாத்து அட்டை குடுத்தா காஞ்சிபுரம். தரலன்னா நம்மூரு இஸ்கூலு. அவரு இன்னா சொல்றாரோ அதான். சரியா?”

சரி என்றேன். அவர் டாக்டரிடம் விட்டார். என் காதில் விழுந்தது வேறு. ஒரு பரீட்சை வருகிறது என்றுதான் விழுந்தது.

ஆசாரி செய்த பலகை

வாரத்தில் ஒரு நாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஸ்பெஷல் டீச்சர் வருவார். வளர்மதி என்று பேர். செங்கல்பட்டுப் பக்கம். ஸ்கூட்டரில் நாலைந்து ஊர் சுற்றுகிற பாவப்பட்ட வேலை. முகாமில் என்னென்ன கேட்பார்கள் என்று அவரிடம் சும்மா விசாரிக்கிற மாதிரி விசாரித்தேன். வெகுளியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பேர் கேட்பார்கள், கலர் கேட்பார்கள். ஒரு மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழி இருக்கும், அதற்கான கட்டையை எடுத்து அதது குழியில் வைக்கச் சொல்வார்கள். பிள்ளை தானே குளிக்குமா, கடைக்குப் போகுமா என்று அம்மாவிடம் கேட்பார்கள்.

மறுநாளே ஆசாரி வீட்டுக்குப் போய், வேப்பம் பலகையில் அதே மாதிரி ஒன்று செய்து வாங்கி வந்தேன். கேட்டவர்களிடம் விளையாட்டுச் சாமான் என்றேன்.

ஒன்றரை மாதம். கட்டையை வைத்தால் கமர்கட்டு. சிவப்பு என்றால் கமர்கட்டு. பேரில்தான் சிக்கினேன். ‘ழ’ எங்கள் பக்கம் யார் வாயிலும் நிற்காது. அவள் அப்பாவே ‘யாளினி’ என்றுதான் கூப்பிடுவார். அந்த எழுத்தை எடுத்து நாக்கு வளையாத பிள்ளைக்குப் பேராக வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வந்தேவிட்டது. ‘யாழினி.’ சுத்தமாக. அவளே அசந்துபோய்க் கையைத் தட்டினாள். டியூஷன் பிள்ளைகள் எல்லாம் தட்டின. நான் அழுதேவிட்டேன்.

அந்த முதல் முகாமில் ஒரு வயசான டாக்டர். பேர் சொன்னாள். கலர் சொன்னாள். பலகையை அவர் முன்னால் வைத்ததும் படபடவென்று கட்டைகளை அடுக்கினாள். என்னிடம் கேட்டார்கள்.

“தானே குளிப்பாளா?”

“குளிப்பா.”

“கடைக்குத் தனியா போவாளா? காசு எண்ணத் தெரியுமா?”

“போவா சார். எண்ணுவா.”

எதுவும் தெரியாது அவளுக்கு. நான் கூசாமல் சொன்னேன். கற்றுக்கொள்வதில் கொஞ்சம் மந்தம், சாதாரணப் பள்ளியே போதும் என்று எழுதிக் கொடுத்தார். அட்டை இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தேன். அன்றைக்கு டியூஷனில் பாட்டிலையே கவிழ்த்து எல்லாருக்கும் கொடுத்தேன்.

சேகர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். மறுநாள் உத்திரமேரூர் போய் அவளுக்குப் பூப்போட்ட ஸ்கூல் பை வாங்கிக்கொண்டு வந்தார்.

செருப்பு லீடர்

முதல் வருஷம் நன்றாகவே இருந்தது. அதை மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். பாட்டுக்குத் தலையாட்டுவாள். மத்தியானச் சாப்பாட்டு முட்டையில் மஞ்சள் கருவை எனக்கென்று டப்பாவில் வைத்துக்கொண்டு வருவாள். சாயங்காலம் திறந்தால் நாறும். நான் தின்பேன். ‘பாத்தீங்களா?’ என்று சேகரை ஒரு பார்வை பார்ப்பேன்.

இரண்டாம் வருஷம் எழுத்து வந்தது. மூன்றாம் வருஷம் கணக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் போய்க்கொண்டே இருந்தன. இவள் இருந்த இடத்தில் இருந்தாள். பரீட்சைத் தாளைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழுதிக் கொடுத்துவிடும், பேர் மட்டும் இவள் பேர். வருஷா வருஷம் பாஸ். வீட்டில் நான் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். நான் தேற்ற முடியாத ஒரே பிள்ளை என் வயிற்றில் பிறந்தது.

ஒரு ஐப்பசி மாதம், மத்தியானத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடை கொடுத்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்கூடம் போனேன். உள்ளே ராணி டீச்சர் பாடம் நடத்துகிற சத்தம் கேட்டது. யாழினி உள்ளே இல்லை. வராந்தாவில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எல்லாப் பிள்ளைகளின் செருப்பும்.

“மா! நான் லீடரு” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “நாய் வந்தா அடிப்பேன்.”

செருப்புகளைப் பார்த்தேன். ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தாள். பெரியது ஒரு கோடி, சின்னது ஒரு கோடி. ஒரு ஜோடி கூட மாறவில்லை. ஆசாரி பலகையில் பழகிய கை.

ராணி டீச்சர் வெளியே வந்தார். நல்ல மனுஷி. எனக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபமில்லை.

“கோச்சிக்காதம்மா. ஒரு தபா நாய் செருப்ப இஸ்துக்கினு பூடுச்சு, அதான் பாத்துக்கச் சொன்னேன். ரெண்டு கிளாசு ஒரே ரூம்ல கீது. உள்ள குந்த வச்சா ஒண்ணும் புரியாம அய்வுது. வெளிய வுட்டா சந்தோசமா கீது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு.”

“எத்தினி நாளா டீச்சர்?”

அவர் தரையைப் பார்த்தார். “போன வருசத்துலேந்து.”

அப்போது மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தன. என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள்தான் பாதி. ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “ஏ செருப்பு, என்து எங்க?”

யாழினி உடனே எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகியிருந்தாள். நாலு பேராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றுதானே ஊர்ப் பள்ளியில் சேர்த்தேன்? கூப்பிட்டார்கள்.

குடையை விரிக்கத் தோன்றவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம்.

மறக்கப் பழக்கினேன்

அந்த வாரமே காஞ்சிபுரம் போனேன். வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். ஒரு பெரிய பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். அவன் போட்டு முடிக்கிற வரைக்கும் நின்றார். நான் என் வாழ்க்கையில் எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

இடம் இருக்கிறது, அட்டை கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்களிடம் இருந்த தாளில் ‘சாதாரணப் பள்ளியே போதும்’ என்று இருந்தது.

அடுத்த முகாமுக்கு இரண்டு மாதம் இருந்தது. வளர்மதி டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பலகை செய்த கதையையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ அக்கா! சரி, விடுங்க. இந்தத் தடவ ஒண்ணுமே பண்ணாதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே கூட்டிட்டு வாங்க. உங்களக் கேட்டா உண்மையச் சொல்லுங்க. அது போதும்.”

அது போதும் என்று நம்ப என்னால் முடியவில்லை. பழைய தாள் அவர்களிடம் இருக்குமே? பலகையைப் பார்த்ததும் கை தானாக அடுக்கிவிடுமே? மறுபடியும் அட்டை இல்லை என்றால் மறுபடியும் அந்த வராந்தா, அந்தக் குச்சி. பரீட்சைக்கு ஒரு பிள்ளையைச் சும்மா அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

பாட்டிலை எடுத்தேன்.

“உன் பேர் என்ன?”

“யாழினி!” என்று கத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

“இல்ல. தெரியாதுன்னு சொல்லு.”

அவளுக்குப் புரியவில்லை. இன்னும் சத்தமாக, இன்னும் சுத்தமாக, “யாழினி” என்றாள். கமர்கட்டு கொடுக்கவில்லை. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை அவள் உதடு பிதுங்கியது.

“தெரியுமேம்மா” என்றாள். “எனக்குத் தெரியுமே.”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

நாலைந்து நாளில் பிடித்துக்கொண்டாள். பேர்? தெரியாது. கமர்கட்டு. இது என்ன கலர்? தெரியாது. கமர்கட்டு. பலகைதான் பெரும்பாடு. பார்த்த உடனே விரல் போய்விடும். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்காரச் சொல்லிக் கொடுத்தேன். உட்கார்ந்தாள். கையை நீட்ட முடியாது என்பதால் வாயைத் திறந்து காட்டுவாள். நான் போடுவேன்.

ஒரு நாள் சேகர் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பார்த்தார். தட்டில் கை அப்படியே நின்றது.

“இன்னாமே பண்ணிக்கினு கீற?”

“முகாமுக்குங்க. நீங்க கேட்ட இஸ்கூலுக்குத்தான்.”

“நான் இஸ்கூலுதான் கேட்டேன். இதக் கேக்கல.” எழுந்து கை கழுவினார். “கஷ்டப்பட்டுப் பேரு சொல்லுச்சே அந்தப் புள்ள. அத வுட்டுடச் சொல்றியா?”

“அட்டை வேணாமா அப்போ?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முகாமுக்கும் வரவில்லை.

“இது யாரு?”

இப்போது அந்த வகுப்பறைக்கு வருகிறேன்.

“உன் பேர் என்ன கண்ணு?”

என்னைப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன்.

“தெரியாது.” கமர்கட்டை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், முப்பதைத் தாண்டியிருக்காது. சிவப்புப் பந்தைக் காட்டிக் கலர் கேட்டார். தெரியாது. பலகையை எடுத்து வைத்தார். எங்கள் வீட்டுப் பலகையை விட வழவழப்பாக இருந்தது. யாழினி அதைப் பார்த்தாள். சடக்கென்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே சொருகி உட்கார்ந்துகொண்டாள். கண் மட்டும் பலகையிலேயே இருந்தது. நட்சத்திரக் கட்டையையும் நட்சத்திரக் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என்னிடம் கேள்வி கேட்டார்கள். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். தானே குளிக்க மாட்டாள். கடைக்குப் போக மாட்டாள். காசு தெரியாது. பத்துக்கு மேல் எண்ண வராது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தவர், பேனாவை மூடி வைத்தார். யாழினியின் கைகள் இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

“இது யாரு, சொல்லு?”

இந்தக் கேள்விக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

யாழினி முகம் மலர்ந்துவிட்டது. உதடு ‘ம்’ என்று கூடிவிட்டது. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து, சொல்லலாமா என்று என்னைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் அவள் கால் என் கால் மேல் இருந்தது. பயமாக இருந்தால் அப்படி வைத்துக்கொள்வாள்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. வேறு யாருக்கும் தெரியாத அளவு, லேசாக.

“தெரியாது” என்றாள் என் மகள்.

காலை மட்டும் எடுக்கவில்லை.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. எத்தனை நாள் ஆச்சும்மா?”

கமர்கட்டு இருந்த பையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“இதெல்லாம் தேவையே இல்லம்மா. பலகையில கட்டை வைக்கிறத மட்டும் பார்த்து நாங்க எழுதுறதில்ல. குளிக்க மாட்டா, காசு தெரியாதுன்னு இப்ப சொன்னீங்களே, அதையும் சேர்த்துத்தான் பார்ப்போம். போன தடவை போவா, எண்ணுவான்னு சொல்லியிருக்கீங்க. நம்பி எழுதிட்டாங்க. இந்தத் தடவை குழந்தை பேர் சொல்லி, கட்டையெல்லாம் வச்சிருந்தாலும் இதே அட்டை கிடைச்சிருக்கும்.”

தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வளர்மதி டீச்சர் இதையேதான் சொன்னார். உண்மையைச் சொன்னால் போதும் என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் யாழினி வாயைத் திறந்து காட்டினாள். எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள் அல்லவா? பையில் மிச்சம் இருந்ததையெல்லாம் கொடுத்தேன்.

பாட்டில் இல்லாத மேஜை

யாழினி காஞ்சிபுரம் போக ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேகர் ஊரில் இருந்தால் காலையில் அவர்தான் வண்டியில் கொண்டுபோய் வேன் ஏற்றிவிடுகிறார். பட்டன் போட்டுக்கொள்கிறாள். துணி மடிக்கிறாள். போன பொங்கலுக்குத் தனியாகக் கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தாள். நான் முன்னொரு நாள் கூசாமல் சொன்ன பொய்யில் பாதியை அந்த டீச்சர்கள் உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊரில் அவளை இப்போது யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேனில் போகிற பெண், அவ்வளவுதான். நான் அன்றைக்குப் பயந்தது நடந்துவிட்டது. சேகர் பயந்ததும் நடந்துதான் தீர்ந்தது. யார் சொன்னது சரி என்று நாங்கள் இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

சேர்ந்த முதல் மாதமே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். “இவளுக்கு நிறைய தெரியுதும்மா. கைவேலை எல்லாம் தானா செய்யறா. ஆனா வாயைத் திறந்து எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டுக் கையை நீட்டறா. வீட்ல ஏதாவது பழக்கமா?”

பழக்கம்தான் என்றேன். யார் பழக்கினார்கள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தப் பத்திரிகையை அவர்கள் படித்தால் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

கமர்கட்டு பாட்டிலை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். டியூஷன் பிள்ளைகள் முணுமுணுத்தன. இரண்டு பேர் நின்றேவிட்டார்கள். போகட்டும்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால், போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, கொட்டகையில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். பெஞ்சில் அவளை எதிரே உட்கார வைத்தேன். கமர்கட்டு இல்லை, பலகை இல்லை. சாதாரணமாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“கண்ணு, உன் பேர் என்ன?”

அவள் கைகள் இரண்டும் மெதுவாகத் தொடைக்குக் கீழே போயின. என் முகத்தையே பார்த்தாள். கண்ணை, வாயை, மறுபடியும் கண்ணை. வெகுநேரம் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்கிற கவலை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“மா, இன்னிக்கு எத சொல்லணும்?”